தீபாவளிக்கு அம்மாவுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கணும், கைல புது க்ரெடிட் கார்டு இருக்கு, ஆக்டிவேட் பண்ணவா வேணாமா?

பாளை_பையன் | 24 செப்டம்பர் 2025, இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போறவன், இன்னைக்கு தான் முதல் பதிவு. ஊரு பாளையங்கோட்டை, வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கைக்கு வர்றது 31,000. அதுல 10,000 அம்மாவுக்கு அனுப்பிடுவேன், ரூம் வாடகை சாப்பாடு பஸ்ஸுன்னு போக மாசம் நாலாயிரம் அஞ்சாயிரம் மிஞ்சும்.

போன மாசம் ஒரு மால்ல சும்மா சுத்திட்டு இருந்தப்ப ஒரு பொண்ணு கூப்பிட்டு "சார் லைஃப்டைம் ஃப்ரீ கார்டு சார், ரெண்டே நிமிஷம் சார்"னு சொல்லி ஆதார் பேன் எல்லாம் வாங்கி டேப்ல ஏதேதோ டிக் பண்ணிச்சு, ட்ராலி பேக் தர்றாங்களேன்னு நானும் நின்னுட்டேன். பேக் வரல, கார்டு வந்துருச்சு. லிமிட் 75,000. கவரைப் பிரிச்சு பாத்துட்டு பெட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கேன், இன்னும் ஆக்டிவேட் பண்ணல.

விஷயம் என்னன்னா ஊர்ல ஃப்ரிட்ஜ் செத்துப் போச்சு. 2009ல அப்பா இருந்தப்ப வாங்குனது. கம்ப்ரஸர் போயிருச்சு, இனி இதுல காசு போடாதீங்கன்னு மெக்கானிக்கே சொல்லிட்டாரு. அம்மா மாவு அரைச்சு பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்ல கொண்டு போய் வச்சுட்டு காலைல போய் எடுத்துட்டு வர்றாங்க, கேட்டா "ஒன்னும் கஷ்டம் இல்லடா"ங்கறாங்க. தீபாவளிக்கு போறப்ப வாங்கி குடுத்துடணும். 30,000 கிட்ட வரும். சேவிங்ஸ் 22,000 இருக்கு, போனஸ் அக்டோபர் நடுவுல வரும். கார்டுல வாங்கலாமா? நோ காஸ்ட் இஎம்ஐ (வட்டியில்லா தவணைங்கறாங்களே) போடலாமா? இல்ல கார்டையே வெட்டி போட்டுடவா? அப்புறம் இந்த வாரம் ஜிஎஸ்டி வேற குறைச்சிருக்காங்களே, ஃப்ரிட்ஜ் விலை இறங்குமா?

கடனில்லா_கந்தசாமி | 24 செப்டம்பர், இரவு 10.58

கத்திரி எடு, நாலா வெட்டு, குப்பைல போடு. 22,000 இருக்குல்ல, 22,000க்கு எந்த ஃப்ரிட்ஜ் வருதோ அத வாங்கு. இழை முடிஞ்சுது.

ஸ்வைப்_சிங்கம் | 24 செப்டம்பர், இரவு 11.05

வந்துட்டாருய்யா 😀 கந்தசாமி அண்ணா, நீங்க சொல்றது வெட்டுக்காயம் ஆகும்னு வீட்டுல கத்தியே வச்சுக்காத மாதிரி. ப்ரோ, நான் 6 கார்டு வச்சிருக்கேன், 9 வருஷம், இதுவரைக்கும் ஒரு ரூபா வட்டி கட்டுனது இல்ல. இப்ப ஆன்லைன்ல சேல் ஓடிட்டு இருக்கு, கார்டுக்கு 10 பர்சென்ட் இன்ஸ்டன்ட் டிஸ்கவுன்ட் போகுது, அது போக பாயிண்ட்ஸ், அது போக ஏர்போர்ட் லவுஞ்ச்ல ஓசி சாப்பாடு. ஆக்டிவேட் பண்ணு, யோசிக்காத.

கோவை_கணக்கு | 24 செப்டம்பர், இரவு 11.21

சிங்கம், அந்த 10 பர்சென்ட்டுக்கு கீழ பொடி எழுத்துல "அதிகபட்சம்"னு ஒரு தொகை போட்டிருப்பாங்களே, அதையும் சேத்து சொல்லுங்க. 30,000 ரூபா சாமானுக்கு 3,000 கழியும்னு தம்பி மனசுல கணக்கு போட்டுக்குவாரு, பில்லு போடறப்ப 1,250ல நின்னுக்கும். அதுலயும் அந்த ஆஃபர் குறிப்பிட்ட பேங்க் கார்டுக்கு தான். தம்பி வச்சிருக்கறது எந்த கார்டோ.

ஜிஎஸ்டி கேள்விக்கு: செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்துல இருந்து 18க்கு இறங்குனது ஏசி, டிஷ்வாஷர், 32 இன்ச்சுக்கு மேல இருக்கற டிவி இதுங்கதானுங்க. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் 2018லயே 18க்கு வந்துருச்சு. அதனால "வரி குறைப்பு திருவிழா"ன்னு போர்டு மாட்டி யாராவது ஃப்ரிட்ஜ் வித்தா அது அந்தக் கடையோட வழக்கமான தீபாவளி தள்ளுபடி, வேற ஒன்னும் இல்லைங்க.

ரிட்டயர்டு_கேஷியர் | 25 செப்டம்பர், காலை 6.10

தம்பி, காலை வணக்கம். வாக்கிங் போறதுக்கு முன்னாடி எழுதுறேன், நீளமா இருந்தா மன்னிக்கணும்.

முதல்ல உங்க பெட்டிக்குள்ள இருக்கற கார்டு பத்தி. வேணாம்னு முடிவு பண்ணா கத்திரியே தேவையில்ல. ரிசர்வ் வங்கி 2022ல போட்ட ரூல்படி, கார்டு குடுத்து 30 நாளுக்கு மேல ஆக்டிவேட் பண்ணலன்னா பேங்க்காரன் ஓடிபி அனுப்பி உங்க சம்மதத்த கேக்கணும், நீங்க குடுக்கலன்னா காசு எதுவும் வாங்காம 7 வேலை நாளுக்குள்ள அந்த கணக்க அவனே மூடணும். ஆக்டிவேட் ஆகாத கார்ட சிபில்லயும் (நம்ம கடன் வரலாறு, ஸ்கோர் எல்லாம் இருக்கற இடம்) ஏத்தக் கூடாது. ஆனா ஆக்டிவேட் பண்ணிட்டு சும்மா வெட்டிப் போட்டா கணக்கு உயிரோட தான் இருக்கும், ரெண்டாவது வருஷம் ஆண்டு கட்டணம் வந்து நிக்கும். நான் கவுன்ட்டர்ல இருந்த காலத்துல வெட்டுன கார்டு துண்ட கைல வச்சுக்கிட்டு "நான் தான் வெட்டிட்டேனே சார், எதுக்கு பில் வருது"ன்னு வந்து சண்டை போட்டவங்க எத்தனையோ பேர்.

வச்சுக்கறதா முடிவு பண்ணா ரெண்டே ரெண்டு தேதி தெரிஞ்சா போதும். ஒன்னு பில் போடற தேதி, இன்னொன்னு கட்ட வேண்டிய கெடு. உங்க கார்டுக்கு பில் தேதி என்ன?

பாளை_பையன் | 25 செப்டம்பர், காலை 7.35

கவர்ல இருந்த லெட்டர்ல பாத்தேன் சார், ஸ்டேட்மென்ட் தேதி மாசா மாசம் 12, அதுல இருந்து 20 நாள் டைம்.

இன்னொன்னும் பாத்தேன். "முதல் வருடம் இலவசம்"னு போட்டிருக்கு. ரெண்டாவது வருஷத்துல இருந்து 499, ப்ளஸ் ஜிஎஸ்டி. வருஷத்துக்கு 50,000 செலவு பண்ணா தள்ளுபடி. அந்தப் பொண்ணு லைஃப்டைம்னு சத்தியம் பண்ணாத குறை.

ஆம்பூர்_பிரியாணி | 25 செப்டம்பர், காலை 7.41

யாரோட லைஃப்டைம்னு கேட்டீங்களா ப்ரோ

ரிட்டயர்டு_கேஷியர் | 25 செப்டம்பர், காலை 8.20

இப்ப பாருங்க தம்பி. அக்டோபர் 12ஆம் தேதி ஃப்ரிட்ஜ் வாங்குறீங்க, அன்னைக்கே கணக்குல ஏறிருச்சுன்னா அன்னைக்கு போடற பில்லுலயே வந்துரும், நவம்பர் 1க்குள்ள கட்டணும், உங்களுக்கு கிடைக்கறது 20 நாள். அதே ஃப்ரிட்ஜ ஒரு நாள் தள்ளி 13ஆம் தேதி வாங்குனா நவம்பர் 12 பில்லுல தான் வரும், டிசம்பர் 2 வரைக்கும் டைம். 50 நாள். ஒரே கடை, ஒரே விலை, ஒரு ராத்திரி வித்தியாசம். "50 நாள் வட்டியில்லா கடன்"னு விளம்பரத்துல போடறாங்களே, அது பில் தேதிக்கு மறுநாள் வாங்குறவனுக்கு மட்டும் தான். அந்த 12ஆம் தேதியும் பிடிக்கலன்னா மாத்தி குடுங்கன்னு கேக்கலாம், குறைஞ்சது ஒரு தடவையாவது மாத்தி தரணும்னு ரூல் இருக்கு. சம்பளம் 1ஆம் தேதி வர்றவங்க கெடு 5ஆம் தேதி வாக்குல விழற மாதிரி வச்சுக்குவாங்க.

போனஸ் நடு அக்டோபர்ல வந்துரும்னா கெடுவுக்கு முன்னாடி முழுப் பணமும் உங்க கைல இருக்கும். அப்படி இருந்தா மட்டும் தேய்ங்க. "அடுத்தடுத்த மாசம் சம்பளத்துல கட்டிக்கலாம்"னா தேய்க்காதீங்க.

மாலைக்காபி | 25 செப்டம்பர், மதியம் 1.15

தம்பி, நான் பொதுவா இந்த டாபிக்ல எழுத மாட்டேன், படிச்சா வயித்த பிசையும். ஆனா யாராவது ஒருத்தர் மினிமம் ட்யூ பத்தி சொல்லணும்ல.

2019 தீபாவளி அக்டோபர் 27. நானும் வீட்டுக்காரரும் 10ஆம் தேதி டி.நகர் போனோம், மாமியாருக்கு பட்டு, பசங்களுக்கு ட்ரெஸ்ஸு, போற வழில ஒரு கடைல வாஷிங் மெஷின், மொத்தம் 60,000, எல்லாம் ஒரே கார்டு. தேய்க்கறப்ப வலியே தெரியல, அது தான் அதுல பிரச்சனை, நோட்ட எண்ணி குடுத்திருந்தா இருபதாயிரத்துலயே கை நடுங்கியிருக்கும். 20ஆம் தேதி பில்லு. கட்ட வேண்டியது 60,000, அதுக்கு கீழ "குறைந்தபட்சம் 3,000". கெடு நவம்பர் 8. அந்த மாசம் வீட்டுக்காரருக்கு சம்பளம் லேட்டு. 3,000 கட்டுனா போதும்னு பேங்க்காரனே சொல்றானே, மிச்சத்துக்கு ஒரு மாச வட்டி ரெண்டாயிரம் போல வரும், கட்டிக்கலாம்னு நினைச்சோம்.

அடுத்த பில்லு 60,385. நான் கால்குலேட்டர் வச்சு மூணு தடவை பாத்தேன். 3,000 கட்டுன அப்புறம் எப்படிங்க கூடும்? கஸ்டமர் கேர்ல கேட்டா தான் புரியுது. முழுசா கட்டலன்னா அந்த 50 நாள் சலுகையே போயிருமாம், வட்டி கெடுல இருந்து இல்ல, வாங்குன 10ஆம் தேதில இருந்தே, அதுவும் மிச்ச 57,000க்கு இல்ல, நான் 3,000 கட்டுன நாள் வரைக்கும் முழு 60,000க்கு. மாசம் 3.6 சதவீதம். வட்டி மட்டும் 2,869, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 516. வட்டிக்கு வரி!

அதோட விடல. பழைய பாக்கி இருக்கற வரைக்கும் புதுசா என்ன வாங்குனாலும் அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுரும், கறிவேப்பிலைக்கு தேய்ச்சா கூட. எங்களுக்கு அது தெரியாம மளிகையும் அதுலயே வாங்கிட்டு இருந்தோம். அப்புறம் 2020 மார்ச்ல கொரோனா, மொரட்டோரியம்னாங்க, ஆறு மாசம் கட்ட வேணாம்னாங்க, நிம்மதியா விட்டோம். கட்ட வேணாம்னு தான் சொன்னாங்க, வட்டி ஓடாதுன்னு சொல்லலையே. அந்த வருஷம் தீபாவளி வாக்குல வட்டிக்கு வட்டிய மட்டும் கொஞ்சம் திருப்பி போட்டாங்க, மிச்சம் அப்படியே நின்னுச்சு.

கடைசில என் ரெண்டு வளையல பேங்க்ல வச்சு நகைக்கடன் வாங்கி ஒரே தடவைல கார்ட முடிச்சேன். நகைக்கடன் வருஷத்துக்கு 9 சதவீதம், கார்டு வருஷத்துக்கு 43. இத முதல் மாசமே பண்ணியிருந்தா வளையல் எப்பவோ வீட்டுக்கு வந்திருக்கும். அடகுக்கடை வாசப்படி ஏறுறது கேவலம்னு நினைச்சு அத விட நாலு மடங்கு வட்டி கட்டிட்டு இருந்திருக்கோம்.

நீ கார்டு வச்சுக்கறதா இருந்தா ஒன்னு மட்டும் பாரு. ஆட்டோ டெபிட் (பேங்க் கணக்குல இருந்து தானா கழியறது) போட்டா "டோட்டல்"னு போடு. எங்க கார்டுல "மினிமம்"னு இருந்துச்சு, அத நாங்க போடவே இல்ல.

பாளை_பையன் | 25 செப்டம்பர், மதியம் 1.52

அக்கா... படிச்சுட்டு சாப்பாடு இறங்கல.

கடனில்லா_கந்தசாமி | 25 செப்டம்பர், மதியம் 2.03

சகோதரிக்கு நடந்தத படிங்க எல்லாரும். அதுக்கு தான் மொதல்லயே கத்திரின்னேன். வருஷத்துக்கு 43 சதவீதம்! எங்க ஊர்ல மீட்டர் வட்டிக்காரன் கூட வீட்டு வாசல்ல நின்னு வாங்குவான், இவன் ஏசில உக்காந்து வாங்குறான். இத கவர்மென்ட்டு கேக்காதா?

ரிட்டயர்டு_கேஷியர் | 25 செப்டம்பர், மாலை 4.30

கேட்டாங்க. 2008ல தேசிய நுகர்வோர் ஆணையம் 30 சதவீதத்துக்கு மேல வாங்குறது நியாயமில்லாத வணிக முறைன்னு தீர்ப்பு குடுத்துச்சு. பேங்குங்க உச்ச நீதிமன்றம் போனாங்க. 2024 டிசம்பர்ல அந்த தீர்ப்ப உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிருச்சு. ஆக வட்டிக்கு உச்சவரம்புன்னு ஒன்னு இப்ப இல்ல.

அந்தம்மா சொன்னதுல ஒரு சின்ன சேர்க்கை. 2022 ரூல் வந்ததுக்கு அப்புறம், மினிமம் கட்டியும் பாக்கி ஏறிட்டே போற மாதிரி மினிமம் தொகைய வைக்கக் கூடாதுன்னு இருக்கு. அதனால இப்ப மினிமத்துலயே வட்டி, வரி எல்லாம் சேத்து கேக்கறாங்க. பாக்கி ஏறாது, ஆனா எறும்பு ஊர்ற வேகத்துல தான் இறங்கும். கெடு தாண்டி மூணு நாளுக்குள்ள கட்டிட்டா லேட் ஃபீ கிடையாது, சிபில்லயும் ஏறாது, அதுவும் ரூல். ஆனா வட்டிக்கு இந்த மூணு நாளெல்லாம் நம்பாதீங்க.

ஸ்வைப்_சிங்கம் | 25 செப்டம்பர், மாலை 5.12

அக்கா சொன்னது வாஸ்தவம், நான் மறுக்கல. ஆனா அது கார்டோட தப்பு இல்லையே. முழுசா கட்டுறவன் லாபம் பாக்குறான், அரைகுறையா கட்டுறவன் காசுல தான் என் பாயிண்ட்ஸே வருது, கசப்பா இருந்தாலும் உண்மை அது தான்.

மாலைக்காபி | 25 செப்டம்பர், மாலை 5.40

அப்ப நீங்க லவுஞ்ச்ல சாப்பிட்ட இட்லில ரெண்டு என்னோடது தம்பி.

ஆம்பூர்_பிரியாணி | 25 செப்டம்பர், மாலை 5.41

😂😂😂 சிங்கம் அவுட்டு

கோவை_கணக்கு | 25 செப்டம்பர், இரவு 9.05

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தி தம்பி கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலியே, நான் உக்காந்து போட்டு பாத்தனுங்க.

30,000 ரூபா ஃப்ரிட்ஜ், 6 மாசம், மாசம் 5,000. ஆறு அஞ்சு முப்பது, வட்டி எங்கன்னு தோணும். உள்ள நடக்கறது என்னன்னா, பேங்க்கு வட்டி இல்லாம குடுக்கறதே இல்லைங்க, பூஜ்யம் வட்டின்னு ஒன்னு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லயே சொல்லிருச்சு. பேங்க் 16 சதவீத வட்டி போடுதுன்னு வச்சுக்கங்க. கடைக்காரரோ கம்பெனியோ அந்த வட்டி அளவுக்கு விலைல முன்னாடியே கழிச்சுருவாங்க. அதாவது உங்க கார்டுல கடனா ஏறுறது 28,648. ஆறு மாசத்துக்கு வட்டி 1,352. ரெண்டும் சேத்தா 30,000. அது வரைக்கும் நேர்மை.

இனி தான் சமாச்சாரம். அந்த 1,352 வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 243 ரூபா, அத யாரும் கழிச்சு தர மாட்டாங்க, மாசா மாசம் பில்லுல கொஞ்சம் கொஞ்சமா வரும், கண்ணுக்கே தெரியாது. ப்ராசஸிங் ஃபீ 199, அதுக்கு ஜிஎஸ்டி, 235. மொத்தம் 478 ரூபா. பெரிய தொகை இல்லைங்க, நான் இஎம்ஐயே போடாதீங்கன்னு சொல்ல வரல, பணம் இல்லாதவனுக்கு ஆறு மாசத்துக்கு 478 ரூபா ரொம்ப மலிவு. மினிமம் ட்யூவோட ஒப்பிட்டா தங்கம். ஆனா காசு கைல வச்சுக்கிட்டு இத போடறது தண்டம். கடன் தொகை முழுசும் உங்க லிமிட்ட அடைச்சுக்கும், கட்ட கட்ட தான் விடும். 75,000ல 28,648 போச்சுன்னா அதுவே 38 சதவீதம். லிமிட்ல 30 சதவீதத்துக்குள்ள பொழங்குனா தான் ஸ்கோருக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க. நாளைக்கு வண்டி லோன் போடற எண்ணம் இருந்தா கவனிங்க.

இன்னொன்னு, அந்த "முன்னாடியே கழிச்ச" 1,352 இருக்கு பாருங்க, இஎம்ஐ வேணாம் முழுசா தர்றேன்னு சொல்லி அதையே தள்ளுபடியா கேளுங்க. சில கடைல தருவாங்க.

மதுர_ஜவுளி | 25 செப்டம்பர், இரவு 10.30

கோவைக்காரர் சொன்ன கடைசி லைன் தான்யா மேட்டர். நான் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கவன், துணிக்கடை, 14 வருஷம். மொதல்ல விலைய பேசி முடி. எப்படி காசு தரப்போறேன்னு வாயத் திறக்காத. வந்ததும் வராததுமா "அண்ணே இஎம்ஐ இருக்கா"ன்னு கேக்குறவங்களுக்கு சேல்ஸ் பையன் விலைய குறைக்கவே மாட்டான், மாசம் எவ்வளவுன்னு மட்டும் தான் பேசுவான்.

அப்பறம் சில கடைல கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேத்து கேப்பாய்ங்க. கார்டு கம்பெனி ரூல்படி கேக்கக் கூடாது. ஆனா எங்க நெலமையும் கேளுங்க, க்ரெடிட் கார்டு தேய்ச்சா மிஷின்காரன் என்கிட்ட ஒன்னே முக்கால் பர்சென்ட்டு புடிக்கிறான், அதுக்கு மேல ஜிஎஸ்டி. ஆயிரம் ரூவா சேலைல எனக்கு நிக்கிறதே அம்புட்டுதான்னு வைங்க, சும்மா சொல்லல. நான் கேக்குறதில்ல, போட்டி அப்படி. நகைக்கடைல கேப்பாய்ங்க. அங்க ரெண்டு பர்சென்ட்டு குடுத்துட்டு ஒரு பர்சென்ட்டு பாயிண்ட்ட வாங்கிட்டு வந்து சந்தோசமா போஸ்ட் போடுற ஆளுகளையும் பாத்துருக்கேன் (சிங்கத்த சொல்லல).

ஸ்வைப்_சிங்கம் | 25 செப்டம்பர், இரவு 10.44

என்னைய தான் சொல்றீங்க 😐

தூத்துக்குடி_உப்பு | 26 செப்டம்பர், காலை 9.18

இழைய திசை திருப்புறேன்னு நினைக்காதீங்க, எனக்கு நடந்தது. போன வருஷம் ஆன்லைன்ல ஃபோன் வாங்கி ரெண்டு நாள்ல திருப்பி அனுப்பிட்டேன், 18,000. ரிட்டர்ன் எடுத்துட்டு போயிட்டாங்க, ரீஃபண்ட் வரும்ல, அப்புறம் எதுக்கு கட்டணும்னு பில்ல கட்டாம விட்டேன். ரீஃபண்ட் கெடு தேதி தாண்டி எட்டாவது நாள் வந்துச்சு. லேட் ஃபீ, வட்டி, ஸ்கோர் வேற அடி. ஆப்ல எனக்கு "ரீஃபண்ட் இனிஷியேட்டட்"னு காட்டிட்டே இருந்துச்சுய்யா.

ரிட்டயர்டு_கேஷியர் | 26 செப்டம்பர், காலை 10.02

கெடுவுக்கு முன்னாடி கணக்குக்கு வந்து சேந்திருந்தா உங்க பாக்கில கழிச்சே ஆகணும், அது ரூல். வராத காச யாரும் கழிக்க மாட்டாங்க. ரிட்டர்ன் போட்டாலும் பில்ல கட்டிடணும், ரீஃபண்ட் வந்தா அடுத்த பில்லுல கழியும்.

மாலைக்காபி | 26 செப்டம்பர், காலை 11.30

தீபாவளி சமயத்துல ஃபோனும் நிறைய வரும். "உங்க ரிவார்டு பாயிண்ட் இன்னைக்கு ராத்திரி காலாவதி ஆகுது மேடம்"னு வாட்ஸாப்ல ஒரு ஃபைல அனுப்பி இன்ஸ்டால் பண்ண சொல்லுவாங்க. எங்க எதிர் ஃப்ளாட்டு ஆன்ட்டி போன வாரம் கிட்டத்தட்ட பண்ணிட்டாங்க, பேத்தி பிடுங்கிட்டா. அப்படி எதுவும் ஆச்சுன்னா அழுதுட்டு உக்காராம மொதல்ல பேங்க்குக்கு சொல்லி கார்ட ப்ளாக் பண்ணு, அடுத்து சைபர் க்ரைம் நம்பர் 1930.

ரிட்டயர்டு_கேஷியர் | 26 செப்டம்பர், பகல் 12.15

ஆமாம்மா. நம்ம தப்பு இல்லாம வெளியாள் கைவரிசைல போயிருந்தா, தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள பேங்க்ல புகார் குடுத்துட்டா நமக்கு பொறுப்பு இல்ல, 2017ல இருந்து அந்த விதி இருக்கு. ஓடிபிய நாமளே சொல்லிட்டா கதை வேற, புகார் குடுக்கற நேரம் வரைக்கும் போனது நம்ம தலைல. பேங்க் 30 நாள்ல பதில் சொல்லலன்னா ரிசர்வ் வங்கியோட ஓம்புட்ஸ்மேன்கிட்ட (புகார் விசாரிக்கற அதிகாரி) ஆன்லைன்லயே போகலாம், காசு கிடையாது.

தம்பி, ஆக்டிவேட் பண்ணா ஆப்ல "இன்டர்நேஷனல்" பட்டன் இருக்கும், ஆஃப்லயே இருக்கட்டும். நிறைய வெளிநாட்டு சைட்ல ஓடிபி கேக்காமலே பணம் எடுத்துரும். ஏடிஎம்ல கார்ட சொருகி காசு எடுக்கவே எடுக்காதீங்க, அதுக்கு 50 நாளும் இல்ல ஒன்னும் இல்ல, எடுத்த நிமிஷத்துல இருந்து வட்டி, தனியா கட்டணம் வேற.

பாளை_பையன் | 26 செப்டம்பர், இரவு 11.10

எல்லாரும் இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கல. இப்போதைக்கு முடிவு: ஆக்டிவேட் பண்றேன், 13ஆம் தேதிக்கு முன்னாடி தொடுறதில்ல. போனஸ் வரலன்னா 22,000க்கு வர்றத வாங்குறேன் (கந்தசாமி அண்ணாவுக்காக).

கடனில்லா_கந்தசாமி | 26 செப்டம்பர், இரவு 11.14

சரி. பாதி வெற்றி.

பாளை_பையன் | 22 அக்டோபர் 2025, இரவு 8.20

அப்டேட். போனஸ் 15ஆம் தேதி வந்துச்சு. 18ஆம் தேதி சனிக்கிழமை காலைல ஊருக்கு போய் இறங்குனதும் அம்மாவ கூட்டிட்டு வண்ணார்பேட்டைல ஒரு கடைக்கு போனேன். கூட்டம்னா கூட்டம். சிங்கிள் டோர், 29,990 போட்டிருந்துச்சு. மதுர அண்ணே சொன்ன மாதிரி வாயத் திறக்கல. அம்மா தான் பேசுனாங்க. பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ் கதவ திறந்து மூடி, கீழ காய்கறி ட்ரே சின்னதா இருக்குன்னு சொல்லி, பக்கத்து கடைல விசாரிச்சுட்டு வர்றோம்னு ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போய், 28,500க்கு கொண்டு வந்துட்டாங்க. நான் தனியா போயிருந்தா 29,990 குடுத்து இலவசமா தர்ற தண்ணி பாட்டில வாங்கிட்டு வந்திருப்பேன்.

பில் போடறப்ப கார்ட நீட்டுனேன். இஎம்ஐ போட்டுக்கோங்க சார், மாசம் அஞ்சாயிரம் கூட வராதுன்னு அந்த அண்ணன் ரெண்டு தடவை சொன்னாரு. முழுசா தேய்ச்சேன். ரெண்டு பர்சென்ட் கேட்டாங்க, அம்மா ஒரு பார்வை பாத்தாங்க, விட்டுட்டாங்க.

இப்ப மாவு எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லயே இருக்கு. பக்கத்து வீட்டு அத்தைக்கு அம்மா ஒரு டப்பா அதிரசம் குடுத்து விட்டாங்க. காசு 28,500ஐ தனியா சேவிங்ஸ்லயே வச்சிருக்கேன், நவம்பர் 12 பில் வந்ததும் ஆட்டோ டெபிட் ஆயிரும்.

ஸ்வைப்_சிங்கம் | 22 அக்டோபர், இரவு 8.31

சூப்பர் ப்ரோ. பாயிண்ட்ஸ் எவ்வளவு ஏறுச்சு?

பாளை_பையன் | 22 அக்டோபர், இரவு 8.36

285. ஒரு பாயிண்ட்டு 25 காசாம். 71 ரூபா.

ஆம்பூர்_பிரியாணி | 22 அக்டோபர், இரவு 8.37

அரை பிரியாணி கூட வராது

ரிட்டயர்டு_கேஷியர் | 22 அக்டோபர், இரவு 9.02

சந்தோஷம் தம்பி, அம்மாவுக்கு என் வணக்கத்த சொல்லுங்க. ஆட்டோ டெபிட்னு எழுதியிருக்கீங்களே, அத நீங்க போட்டீங்களா, ஏற்கனவே இருந்துச்சா? ஆப்ப திறந்து "டோட்டல்"னு இருக்கா "மினிமம்"னு இருக்கான்னு ஒரு தடவை பாருங்களேன்.

பாளை_பையன் | 22 அக்டோபர், இரவு 9.14

சார், மினிமம்னு தான் டிக் ஆகி இருக்கு. நான் தொடவே இல்ல, அந்த மால் பொண்ணு டேப்ல போட்டது.

பாளை_பையன் | 22 அக்டோபர், இரவு 9.19

மாத்திட்டேன். ஓடிபி வந்து கன்ஃபர்ம் ஆயிருச்சு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்.

மாலைக்காபி | 22 அக்டோபர், இரவு 9.25

இப்ப தான் எனக்கு மூச்சு வந்துச்சு.